கே94.23: ஒரு குழாய்க்குக் கிடைத்த எண்

உங்க நண்பர்கள்ல யாராவது மெடிக்கல் கோடிங் வேலையில இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க. பயோடெக், பி.ஃபார்ம், நர்சிங்னு படிச்சிட்டு சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இந்த வேலைக்குப் போனவங்க ஏராளம். கோடிங்னு சொன்னதும் நம்ம ஐ.டி. ஆட்களுக்கு ஞாபகம் வர்ற கோடிங் இல்ல இது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதின குறிப்பை இங்கே உட்கார்ந்து படிச்சு, அதை எண்களா மாத்தணும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும்.

இன்னைக்கு நாம பேசப்போறது அதுல ஒரே ஒரு எண்: கே94.23. வாயால சாப்பிட முடியாதவங்களுக்கு வயிற்றில் ஒரு சின்னத் துளை போட்டு, நேரா இரைப்பைக்குள்ள ஒரு குழாய் வைப்பாங்க. அந்தக் குழாய் கோளாறானா போடுற எண் இது.

வயிற்று வழியா சோறு போடலாம்ங்கிற யோசனை பழசு. 1849-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் சார்ல்ஸ் செடியோ என்ற அறுவை மருத்துவர் மனிதர் ஒருவருக்குச் செய்து பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை. பிறகு முறைகள் தேறின. ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல, வயிற்றைத் திறந்துதான் செய்யணும். ஏற்கெனவே சாப்பாடு இல்லாம மெலிஞ்சு கிடக்கிற உடம்புக்கு அது பெரிய சோதனை.

1979 ஜூன் 12. அமெரிக்காவின் கிளீவ்லாந்து. நாலரை மாதக் குழந்தை ஒன்று, வாயால போதுமான அளவு சாப்பிட முடியாத நிலை. குழந்தைகள் அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும், எண்டோஸ்கோப்பி நிபுணர் ஜெஃப்ரி பான்ஸ்கியும் வேற வழியில போனாங்க. எண்டோஸ்கோப்பை வாய் வழியா இரைப்பைக்குள்ள விட்டா, இருட்டான அறையில அதன் வெளிச்சம் வயிற்றுத் தோல் வழியா மினுங்கும். அந்த வெளிச்சம் தெரியிற இடத்துல ஊசி குத்தி, ஒரு நூலை உள்ளே விட்டு, அதை வாய் வழியா வெளியே இழுத்து, நூல் முனையில குழாயைக் கட்டி, திரும்ப வயிற்றுப் பக்கமா இழுத்தாங்க. வயிற்றைத் திறக்கவே இல்லை. இதுதான் இன்னைக்கு ‘பெக் ட்யூப்’னு சொல்றது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த வெளிச்சம்தான். இவ்வளவு எளிமையான ஒரு தீர்வு!

இப்ப எண்களோட கதை. நோய்களுக்கு எண் கொடுக்கிற ஐசிடி பட்டியல், சாவுக் கணக்குல ஆரம்பிச்சது. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் 1893-ல் சிகாகோவில் கொடுத்த மரணக் காரணப் பட்டியல்தான் அதன் மூலம். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்தபோதுதான் உயிரோடு இருக்கிறவங்களோட நோய்களும் முறையா உள்ளே வந்தது. அமெரிக்கா தனக்காக விரிவாக்கின ஒன்பதாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 1979 ஜனவரி. கவனிச்சீங்களா? குழாய்க்கு அஞ்சு மாசம் முன்னாடி. அதனால புது முறைக்கு அதுல தனி எண்ணே கிடையாது. 43.11-னு ஒண்ணு பிறகுதான் பிரிச்சுக் கொடுத்தாங்க.

1983-ல் இன்னொரு திருப்பம். மூத்த குடிமக்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், நோய் வகையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதுவரைக்கும் புள்ளிவிவரமா இருந்த எண், அன்னையிலிருந்து பில் ஆகிடுச்சு.

குழந்தைகளுக்காக வந்த குழாய், எளிமையா இருந்ததால பெரியவங்ககிட்ட போச்சு. பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் என்றால் நியாயம்தான். ஆனா முற்றிய டிமென்ஷியாவில் விழுங்க மறந்துபோன தாத்தா பாட்டிகளுக்கும் வைக்க ஆரம்பிச்சாங்க. எளிமையே இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தவும் தூண்டுதுன்னு இருபது வருஷம் கழிச்சு காடரரே எழுதினார். அதே 1999-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுது, நிமோனியாவைத் தடுக்குதுன்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு காட்டியது.

இங்கேதான் பில்லுக்காகப் போட்ட எண்கள் வேற வேலை செஞ்சது. 2010-ல் ஜோன் டெனோவின் குழு மெடிகேர் பில்களை அலசியது. முற்றிய மறதி நிலையில் முதியோர் இல்லத்திலிருந்து வர்றவங்களுக்கு, 100 அனுமதிகளில் எத்தனை பேருக்குக் குழாய் வைக்கிறாங்க? சில ஆஸ்பத்திரிகளில் பூஜ்யம். ஒரு ஆஸ்பத்திரியில் 38.9. அதாவது பாட்டிக்குக் குழாய் வைப்பாங்களா இல்லையாங்கிறதுல, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நின்னதுங்கிறதுக்கும் பெரிய பங்கு இருந்திருக்கு. கோடர்கள் போட்டு வெச்ச எண்கள் இல்லாம இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் முற்றிய டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் குழாய் வைப்பது 2000-ல் 11.7 சதவீதம், 2014-ல் 5.7 ஆகக் குறைந்தது.

சரி, கோளாறு எண்களுக்கு வருவோம். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா பத்தாம் பதிப்புக்கு மாறியபோது சுமார் 14,000 நோய் எண்கள் 68,000-ஐத் தாண்டின. வாத்து இடிச்சுக் காயம்னா அதுக்கும் எண் இருக்கு, டபிள்யூ61.62. சத்தியமா! ஆனா வயிற்றுக் குழாய்க் கோளாறில் புதுசா கிடைச்சது இரத்தக் கசிவுக்கான கே94.21 மட்டும்தான். தொற்று கே94.22. அடைப்பு, நழுவல் மாதிரி இயந்திரக் கோளாறெல்லாம் கே94.23. (மூக்கு வழியா போற குழாய்னா இந்த வரிசையே கிடையாது, டி85-க்குப் போகணும். புதுசா சேர்ற கோடர்கள் தடுக்கி விழுற இடம் இது.)

இப்ப ரெண்டு பேரை யோசிங்க. ஒருத்தருக்கு மாத்திரையைச் சரியாப் பொடிக்காம விட்டதுல குழாய் அடைச்சிடுச்சு. இன்னொருத்தர், தன் வயிற்றுல என்ன தொங்குதுன்னே புரியாத ஒரு பாட்டி. பிடுங்கிப் போட்டுட்டாங்க. ரெண்டுக்கும் கே94.23. பாட்டியோட டிமென்ஷியாவுக்குத் தனி எண் சேர்க்கலாம். ஆனா குழாய் ஏன் வெளிய வந்ததுன்னு சொல்ல இந்த எண்ணுக்குள்ள இடமில்லை. நம்ம பாஷையில, வேறவேற பத்து எர்ரருக்கு ஒரே எர்ரர் கோடு. அப்படி லாக் எழுதினா நம்ம சீனியர் சும்மா விடுவாரா?

ஆனா டாக்டரோட வேலைக்கான சிபிடி எண்களைப் பாருங்க. குழாய் மாத்துறதுக்கு முன்னாடி ஒரே எண், 43760. 2019-ல் அதை நீக்கிட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. சும்மா மாத்தினா 43762; துளையின் பாதையையும் சரிபண்ண வேண்டியிருந்தா 43763. உழைப்பு வேற, அதனால கட்டணமும் வேற. அந்தப் பக்கம் நுணுக்கம் வந்தாச்சு.

பாட்டியோட சார்ட்டுல நர்ஸ் எழுதியிருப்பாங்க: இந்த மாசம் மூணாவது தடவை பிடுங்கிட்டாங்கன்னு. அதை முழுசாப் படிக்கிற கோடர் ஒருத்தர் இங்கே, நைட் ஷிஃப்ட்ல உட்கார்ந்திருப்பாங்க. கே94.23 அடிச்சிட்டு அடுத்த சார்ட்டைத் திறக்கணும்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.