நுண்ணுயிரும் சந்தையும்: மருந்தெதிர்ப்பின் வரலாறு குறித்து

மருந்து மிகையாகப் புழங்குமிடத்து அதற்கு அடங்காத பற்றீரியாவே எஞ்சிப் பெருகும். பாண்டிருப்பிலும் பாரிசிலும் விதி ஒன்றே. பற்றீரியாவின் பரம்பரையலகுகள் சூழலுக்கேற்ப இயங்கியும் ஒடுங்கியும் நிற்பதை 1961இல் பாரிசில் ஜக்கோப்பும் மொனோவும் விளக்கினர். அவ்வறிவின் வழியே 2009இல் அமெரிக்க ஆய்வாளர்களான லூவும் கொலின்சும், பற்றீரியாவைத் தாக்கும் வைரசொன்றை மாற்றியமைத்தனர். அவ்வைரசு பற்றீரியாவினுள் அடக்குபுரதமொன்றை மிகுவித்து, மருந்தினாற் சிதைந்த மரபுப்பொருளைச் செப்பனிடும் தற்காப்பை முடக்கியது. மருந்தின் கொல்திறன் உயர்ந்தது.

ஆயின், எதிர்ப்பினை வளர்ப்பது உயிரியல் மட்டுமன்று. இலாபத்துக்காக மருந்தைப் பெருக்கும் சந்தையுமாகும். இலங்கையிலே மருந்தைத் தேவையோடு பிணைக்க முனைந்தவர், 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் சேனக பிபிலே. அவர் வழியைக் கைவிட்டுப் பரம்பரையலகை மட்டும் ஒழுங்குபடுத்தின், புதிய மருந்தும் பழையதன் கதியையே அடையும் என்பது நமது துணிபு.