காதலர் ஓடங்களின் விதானமும் விளக்கும்



வரலாறு என்றதும் கோட்டைகளும் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஓடத்தின் முனையிலே பதிக்கப்பட்ட சிறு பித்தளைக் குழலும், அதன் தரையிலே விரித்த மெத்தையும் வரலாறு பேசுமா? பேசும். காகிதத்தில் எழுதக் கூசிய செய்திகளை ஒரு தலைமுறை அவற்றிலேதான் எழுதி வைத்தது. அந்த ஓடங்களைப் பற்றியதே இன்றைய உரை.

ஐக்கிய அமெரிக்காவிலே, பொஸ்ரன் நகருக்கு மேற்கே, நியூட்டன், வோல்தம் ஆகிய ஊர்களை ஒட்டிச் சார்ள்ஸ் ஆறு ஓடுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாலைக்காக வோல்தத்தில் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். அணைக்கு மேலே தேங்கிய நீர் பல கல் தூரத்துக்கு ஏரி போல அமைதியாகக் கிடந்தது. ஆலைக்காகத் தேங்கிய நீர் பின்னாளில் காதலருக்கு உதவிற்று. 1897 இல், ஓய்வு நாட்களிலும் தனது வண்டிகளுக்குப் பயணிகள் வேண்டுமென்று விரும்பிய ஒரு ட்ராம் கம்பனி அந்த ஆற்றங்கரையிலே நொரம்பேகா பூங்காவைத் திறந்தது. கடைகளிலும் கந்தோர்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த இளைஞர்கள் சில சதங்களைக் கொடுத்து ட்ராமில் வந்திறங்கி, வாடகைக்கு ஓடம் எடுத்தார்கள். சொந்த ஓடம் வைத்திருந்தவர்கள் கரையிலுள்ள படகுக் கொட்டில்களிலே அதை விட்டு வைத்தார்கள்.

இந்த ஓடத்தின் வடிவம் வெள்ளையர் கண்டுபிடித்ததன்று. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பேர்ச் மரப்பட்டையினாலே செய்த, ஒருவர் தோளிலே சுமக்கக்கூடிய மெல்லிய ஓடமே இதன் தாய். 1870 களுக்குப் பின்னர் மேய்ன் மாநிலத்திலே அப்பட்டைக்குப் பதிலாகச் சீடர் மரச் சட்டங்களின்மேல் மெல்லிய பலகை பொருத்தி, அதன்மேல் கித்தானை இழுத்து ஒட்டி, நிறம் பூசும் முறை வளர்ந்தது. 1900 ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலைத் தொடங்கிய ஓல்ட் ரவுண் கம்பனி, பெனொப்ஸ்கொட் மக்களின் தீவுக்கு எதிரே உள்ள ஊரில் அமைந்தது. அந்தத் தொழிற்சாலையிலே அம்மக்களும் வேலை செய்தனர். அக்கம்பனி செய்த ஓடவகைகளில் ஒன்றுக்குச் சார்ள்ஸ் ஆற்றின் பெயரே இடப்பட்டது. வேட்டைக்கும் பயணத்துக்கும் பிறந்த ஓர் ஓடம் ஞாயிற்றுக்கிழமை மாலைப்பொழுதுக்கு உரியதாக மாறியது இப்படித்தான்.

இனி, அந்த ஓடத்துக்குள்ளே பார்ப்போம். நீளம் பதினாறு, பதினேழு அடி. அகலம் மூன்றடிக்குச் சற்று முன்பின். முன்னும் பின்னும் மகோகனி போன்ற பளபளக்கும் மரத்தினாலான தளம். சாதாரண ஓடத்திலே இத்தளம் ஒரு சாண் அளவிலே முடிந்துவிடும். காதலர் ஓடத்திலோ அது இரண்டு, மூன்று அடி வரை நீண்டு, வளைந்த விளிம்புச் சட்டத்தோடு உள்ளே வரும். தண்ணீர் தெறியாமல் காக்கும் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் அமைதியான ஆற்றிலே தெறிப்பதற்கு அலை ஏது? தளம் நீள நீள, இருவர் இருக்கும் இடம் குறுகும். ஓடம் ஒரு சிறிய அறையாகும். அந்த மரவேலைக்கு மேலதிகப் பணம் கொடுத்தவர்கள் வாங்கியது இந்த நெருக்கத்தைத்தான்.

அடுத்தது இருக்கை. ஆண் பின்பக்கத்திலே இருந்து துடுப்பு வலிக்கிறான். பெண் நடுவிலே, ஓடத்தின் தரையில், சாய்மானப் பலகையிலே முதுகைச் சாய்த்து, அவனைப் பார்த்தபடி இருக்கிறாள். அவள் போகும் திசையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்க்கிறாள். தரையில் இருப்பதால் பாரம் தாழ்ந்து ஓடம் ஆடாமல் நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் அவளை முன்னோக்கி இருத்தினாலும் ஓடம் ஆடாதுதான். அவள் முகத்தைத் திருப்பி வைத்தது படகுக் கலை அன்று, காதல்தான்.

தரையிலே மெத்தைகளும் திண்டுகளும் இருந்தன. அவற்றுட் பலவற்றில் அடைக்கப்பட்டது நமக்கு நன்கு தெரிந்த இலவம் பஞ்சு. கீழைத் தேசங்களிலிருந்து, பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது அது. நீரை எளிதில் உறிஞ்சாத அந்தப் பஞ்சு மெத்தை, ஓடம் கவிழ்ந்தாற் பிடித்து மிதக்கவும் உதவும். காதலுக்கு இட்ட மெத்தை உயிருக்கும் காவலாயிற்று.

விதானத்துக்கு வருவோம். ஒடுங்கிய ஓடத்திலே உயரமான கூரை காற்றைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். ஆகவே அன்றாடப் பயணத்திலே பெண்ணின் கைக்குடையே விதானம். கூரை அமைத்தாலும் அது மெல்லிய வளையங்களின்மேல் இட்ட இலேசான துணியாக, வேண்டியபோது கழற்றி வைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். திருவிழா இரவுகளிலே மெல்லிய சட்டங்களைக் கட்டி, அவற்றிற் கடதாசி விளக்குக்கூடுகளைத் தொங்கவிட்டு, ஓடங்கள் வரிசையாகச் செல்லும். நமது வெசாக் கூடுகள் ஆற்றிலே மிதந்து செல்வதாக எண்ணிக்கொண்டால், அந்தக் காட்சி நேயர்களுக்குப் புலப்படும். முனையிலிருந்த பித்தளைக் குழல் கொடிக்கம்பத்தைத் தாங்கியது. சில ஓடங்களிலே கிராமபோன் பெட்டி வைக்கவும் இடம் செய்தார்கள்.

இவ்வளவும் எதற்காக? அந்நாளிலே ஓர் இளைஞன் ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டுமானால், அவள் வீட்டு முன்னறையில், தாயின் கண்ணெதிரே, கதிரையில் நிமிர்ந்து இருந்து பேச வேண்டும். ஓடம் அந்த முன்னறையை விட்டு அவளை வெளியே கொண்டு வந்தது. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இருவரும் தெரிவார்கள். ஆனால் அவர்கள் பேசுவது கேட்காது. ஊர் கண்டும் கேளாத தனிமை அது. துடுப்பு மட்டும் அவள் கைக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலிருந்து விடுதலை பெற்றவள், ஓடத்திலே விருந்தாளியாகவே இருந்தாள்.

இந்தத் தனிமை அதிகாரிகளை உறுத்தியது. 1903 இல் சார்ள்ஸ் ஆற்றுக் காவலர்கள் ஓடத்திலே முத்தமிட்டவர்களைப் பிடித்து அபராதம் கட்ட வைத்தார்கள். அது பத்திரிகைகளிலே பெரும் சர்ச்சையாயிற்று. மேற்கே மினியாபொலிஸ் நகரத்து ஏரிகளிலும் இதே கதை. அங்கே 1910 இல் ஏறத்தாழ 200 ஆக இருந்த ஓட உரிமங்கள், 1912 இல் 2000 அளவுக்கு உயர்ந்தன. பூங்காச் சபை நள்ளிரவுக்குப் பின் ஓடம் செலுத்தத் தடை விதித்தது. காவலர்கள் மோட்டார்ப் படகிலே ரோந்து சென்றனர். ஓடங்களுக்கு இளைஞர்கள் இட்ட பெயர்களும் சபையைச் சினமூட்டின. ‘என்னை விரைவில் முத்தமிடு’ என்பதை எழுத்துக் குலைத்து ‘கிஸ்மிக்விக்’ என்று ஒருவர் பெயரிட்டிருந்தார். அத்தகைய பெயர்களுக்கு உரிமம் இல்லை என்று சபை மறுத்தது.

தடைகள் இந்த ஓடங்களை அழிக்கவில்லை. 1908 இல் வெளிவந்த ஃபோர்ட் ‘ரி’ மாதிரிக் காரும் அதைத் தொடர்ந்த மலிவான கார்களும் அழித்தன. கூரையும் மெத்தையும் விளக்கும் கொண்ட, எங்கும் ஓடிச் செல்லக்கூடிய அறை ஒன்று கிடைத்த பின்னர், ஆற்றுக்கு யார் வருவார்? நொரம்பேகா பூங்கா 1963 இல் மூடப்பட்டது.

இன்று பழைய ஓடங்களைத் தேடிப் புதுப்பிப்போர் அங்கே பலர் உள்ளனர். ஓல்ட் ரவுண் கம்பனி ஒவ்வோர் ஓடத்துக்கும் இலக்கமிட்டு, அதன் நீளம், மரம், நிறம், அனுப்பிய நாள், சேர்ந்த ஊர் ஆகியவற்றை அட்டையிலே எழுதி வைத்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தக் குறிப்புகள் இன்றும் உள்ளன. ஓட்டின் இலக்கத்தைச் சொன்னால் அதன் பிறப்பைச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஓடு பிழைத்த அளவுக்கு அதன் அணிகள் பிழைக்கவில்லை. துணி மக்கியது, மெத்தையை எலி கொறித்தது, பித்தளை பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. சாய்மானப் பலகை எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதை எந்த அட்டையும் சொல்லாது. புதுப்பிக்கும் தச்சர் மரத்திலே எஞ்சிய திருகாணித் துளைகளைத் தடவிப் பார்த்தே, இங்கே கொடி இருந்தது, இங்கே விளக்கு இருந்தது என்று அறிய வேண்டியிருக்கிறது. அவசரக்காரர் அந்தத் துளைகளை மெழுகால் அடைத்து, மேலே மினுக்கெண்ணெய் பூசிவிட்டால், ஓடம் அழகாகத்தான் இருக்கும். அதில் இருந்த இருவரும் மறைந்துபோவார்கள்.

நம் வீடுகளிலும் பழைய பொருள்கள் உண்டு. அவற்றைத் துலக்கும்போது சிறு துளையையும் தேய்ந்த விளிம்பையும் ஒரு கணம் பார்த்துவிட்டுத் துலக்குவோம். அங்கே யாரோ ஒருவருடைய கை இருந்திருக்கும்.