மதில் தாண்டும் மின்னலைகள்

ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் வெளி அலைகள் புகாதபடி உலோகச் சுவர் எழுப்பிய சோதனைக்கூடம் உண்டு. வாகனத்தை அதனுள் நிறுத்தி, அதன் மின்னணுக் கருவிகள் எவ்வளவு அலைகளைச் சிந்துகின்றன என்று அளக்கிறார்கள். ஒரு கருவியின் அலை மற்றொன்றின் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அங்குள்ள கவலை. ஆயினும் சிந்தும் அலையில் கருவி செய்யும் வேலையின் தடமும் இருக்கக்கூடும். அத்தடத்தைப் படித்தவர்களின் வரலாற்றையே நாம் இங்கு நோக்குகிறோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் செய்திகளை மறைத்து அனுப்பும் தந்திக் கருவியைப் பெல் ஆய்வகம் தந்தது. 1943இல், அக்கருவி இயங்குந்தோறும் ஆய்வகத்தின் வேறொரு பகுதியிலிருந்த அலைமானியில் கூரிய கோடுகள் எழுவதைப் பொறியாளர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். ஆராய்ந்தபோது, மறைப்பதற்கு முந்தைய மூலச் செய்தியே அக்கோடுகளில் கிடைத்தது. படைத்துறை ஐயுற்றது. நியூயார்க்கின் வாரிக் தெருவில், படையின் செய்தி நிலையத்துக்கு எதிரே, ஏறத்தாழ 80 அடி தள்ளி அமர்ந்து பொறியாளர்கள் ஒரு மணி நேரம் அலைகளைப் பதிந்தனர். சில மணி நேரத்தில் செய்தியின் முக்கால் பங்கைப் படித்துக் காட்டினர்.

கசிவை அறிந்த அரசு அந்த அறிவைப் பூட்டி வைத்தது. பின்னாளில் 'டெம்பெஸ்ட்' என்ற மறைபெயரில் தன் கருவிகளுக்குக் கவசமிட்டுக்கொண்டது. பொதுமக்களுக்குச் சொன்னவர் நெதர்லாந்துப் பொறியாளர் விம் வான் எக். சற்றே மாற்றியமைத்த தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டு, தொலைவிலுள்ள கணிப்பொறித் திரையின் எழுத்துகளைப் படிக்கலாம் என்று 1985இல் கட்டுரை வெளியிட்டார். தட்டைத் திரைகளும் தப்பவில்லை என்பதைக் கேம்பிரிட்ஜின் மார்க்குஸ் கூன் 2004இல் காட்டினார். 1943 நிகழ்ச்சியைக் கூறும் அமெரிக்க ஆவணமோ 2007இல்தான் வெளிவந்தது.

வினாத்தாளைத் தட்டச்சிடும்போது நாம் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறோம். அத்தாழ் போதாது என்பதை அறிந்திருந்தவர்கள் நாற்பதாண்டுகள் வாய் திறக்கவில்லை.

ஒரகடத்துக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். எவருக்கும் சொல்லலாகாது என்று ஆசாரியர் விதித்த மந்திரப் பொருளை, அவர் திருக்கோட்டியூர்க் கோயிலின் உச்சியேறி எல்லார்க்கும் உரைத்தார் என்பது வைணவ மரபு. பிறர் நலனுக்குரிய அறிவைச் சிலர் மட்டும் காத்து வைத்திருப்பது முறையா என்ற அப்பழைய வினா, இன்று அதே மண்ணில் எழுந்து நிற்கும் தொழிற்சாலை மதில்களுக்கும் உரியதே.