மானாமதுரைப் பானையில் பிறந்த ராகம்



விருதுநகரில் ரயில் ஏறி அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி தாண்டினால் மானாமதுரை. கச்சேரி மேடைக் கடத்துக்குப் பேர்போன ஊர். "பானைதானே"ன்னு நினைச்சிடாதீங்க. மண்ணைப் பக்குவமாகக் குழைத்து, வனைந்து, பலகையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திச் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். இக்கலைக்காக அவ்வூர் மீனாட்சி கேசவன் அவர்கள் 2013-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார்.

கடத்துக்கு ஒரு குறை உண்டு. வீணை போல முறுக்கிச் சுருதி சேர்க்க முடியாது. சூளையில் வெந்த அன்று எந்தச் சுருதியோ, ஆயுசுக்கும் அதுதான். கொஞ்சம் களிமண் ஒட்டி லேசாக இறக்கலாம், ஏற்ற வழியில்லை. அதனால் கடக் கலைஞர் வீட்டில் சுருதிக்கு ஒன்றாகப் பல பானைகள் இருக்கும்.

அந்தக் குறையையே வித்தையாக மாற்றியவர் சுகன்யா ராம்கோபால். 1957-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னை ஸ்ரீ ஜய கணேஷ் தாளவாத்ய வித்யாலயாவுக்கு வயலின் கற்கப் போனவரை, பக்கத்தில் கேட்ட தாளம் இழுத்துக்கொண்டது. பெண் விரலுக்குக் கடம் கஷ்டமாயிற்றே என்று முதலில் தயங்கினார் விக்கு விநாயக்ராம். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா, "நானாச்சு" என்கிற மாதிரி முன்வந்து கற்பித்தார்.

கற்றும் கஷ்டம் தீரவில்லை. பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்று மிருதங்க வித்வான்கள் சிலர் ஒதுங்கினார்கள். வாய்ப்பு கைநழுவிய நாட்கள் உண்டு. அவர் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. வெவ்வேறு சுருதிக் கடங்கள் ஆறேழைச் சுற்றி அடுக்கி, ஜலதரங்கம் போல ஸ்வரம் பேச வைத்தார். அதுதான் 'கட தரங்கம்'. தாளம் மட்டும் சொல்லிவந்த பானை ராகமும் பாடியது! பெண்களே வாசிக்கும் 'ஸ்த்ரீ தாள் தரங்' குழுவையும் 1995 முதல் நடத்திவந்தார். 2014-ஆம் ஆண்டுக்கான அகாதமி விருது அவரைத் தேடி வந்தது.

பல ஆண்டு அனுபவம் வந்தபின் பழைய பாடத்தையே ஒப்பிப்பது சுலபம். சுகன்யா அப்படி இருந்துவிடவில்லை. புதுசு தேட அவர் வாத்தியத்தை மாற்றவும் இல்லை. அதே பானையைத்தான் வேறு விதமாகக் கேட்டார்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை கச்சேரிக்குப் போனால் தனி ஆவர்த்தனத்தின்போது காபி குடிக்க எழுந்து போயிடாதீங்க. அங்கே பேசுவது நம்ம பக்கத்து ஊர் மண்.