பிரியாணி இல்லாத ஹைதராபாத்

"ஹைதராபாதில் நமக்குச் சாப்பிட என்ன இருக்கிறது?" என்று நம் அங்கத்தினர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. முதலில் 1591-ல் எழுந்த சார்மினாரைப் பாருங்கள். பிறகு அருகிலுள்ள நிம்ராவில் இரானி டீ அருந்துங்கள். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பரப்பிய பானம் இது. மூடிய பாத்திரத்தில் மிதமான சூட்டில் இறங்கிய டிகாக்ஷனையும், தனியே சுண்டக் காய்ச்சிய பாலையும் கலக்கிறார்கள். நம் ஃபில்டர் காபியும் இந்த முறைதானே!

தொட்டுக்கொள்ள உஸ்மானியா பிஸ்கட். 1911 முதல் 1948 வரை ஆண்ட கடைசி நிஜாம் உஸ்மான் அலிகானை நினைவூட்டும் பெயர்.

மொஸம்ஜாஹி மார்க்கெட் அருகே கராச்சி பேக்கரி உள்ளது. பிரிவினையால் சிந்து மாகாணத்தை விட்டு வந்த குடும்பம் 1953-ல் தொடங்கியது. முட்டை சேர்த்ததா என்று கேட்டே வாங்குங்கள்.

ஊரை விட்டு வந்தவர்கள் ருசியை விடவில்லை. பல நகரங்களில் குடியேறிய நமக்கு இது புரியாததா?