தொழில் வரி: தமிழ்நாடு ஒரு வழி, மகாராஷ்டிரம் ஒரு வழி

திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியில் கடை வைத்திருப்பவருக்குத் தொழில் வரி கேட்டு அறிவிப்பு வருகிறது. பேரூராட்சி எல்லையைத் தாண்டினால் சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் நூறு நாள் வேலையில் தூர்வாரிய ஏரியையும் வாய்க்காலையும் காட்டுவார்கள். ஒன்று உள்ளூர் அலுவலகம் போடும் வரி, இன்னொன்று டெல்லியிலிருந்து வந்த திட்டம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதான் நாம் நினைப்போம். மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை. அங்கே மாநில அரசு தொழில் வரியைக் கொண்டுவந்ததே கிராமத்து ஏழைக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். நூறு நாள் வேலைக்கு மூலம் தேடிப் போனால், மும்பை அலுவலக ஊழியர்களின் சம்பளப் பிடித்தத்தில் போய் நிற்போம்.

இரு மாநிலங்களுக்கும் அதிகாரம் தருவது ஒரே பிரிவு, அரசியலமைப்பின் 276. தொழில், வணிகம், வேலை ஆகியவற்றின் மீது மாநிலமும் வரி போடலாம், உள்ளாட்சியிடமும் விடலாம். ஒருவரிடம் ஆண்டுக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு முதலில் 250 ரூபாயாக இருந்தது; 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதற்குப் பிறகு அசையவில்லை. பதினான்காவது நிதிக்குழு 12,000 ஆக்கச் சொன்னது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தமிழ்நாடு 1992-இல் மாநிலச் சட்டமாக இந்த வரியைக் கொண்டுவந்து, 1998 அக்டோபரில் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே வசூலித்துத் தானே வைத்துக்கொள்கிறது. அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு. அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 75,000-ஐத் தாண்டியதும் உச்சப் படி. மாதம் 12,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆலைத் தொழிலாளியும் மாதம் ஐந்து லட்சம் வாங்கும் மேலாளரும் ஒரே படியில் நிற்கிறார்கள் என்பது தனியாகப் பேச வேண்டிய அநியாயம்.

நம் முறையில் ஒரு நேர்மை உண்டு. கீழ்பென்னாத்தூரில் வட்டாட்சியர் அலுவலக ஊழியர், பள்ளி ஆசிரியர், வங்கிக்காரர், கடைக்காரர் என எல்லோரும் கட்டுவது அந்தப் பேரூராட்சியின் கணக்கிலேயே சேர்கிறது. தெருவிளக்கு எரியவில்லையென்றால் செயல் அலுவலரிடம் போய், கட்டிய பணம் எங்கே என்று கேட்கலாம். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து மானியம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாத பணம் இது. சொத்து வரிக்கு அடுத்தபடி, சிறிய ஊர்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது இதுபோன்ற ஓரிரு வரிகள்தாம்.

ஆனால் பணம் உட்காரும் இடம் வேலை நடக்கும் முகவரி, வேலை செய்பவரின் வீடு அல்ல. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் காலையில் பேருந்து ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். துணிக்கடை, மருத்துவமனை, தங்கும் விடுதி, அலுவலகம் என்று அவர்கள் உழைக்கும் இடமெல்லாம் 2024-இல் மாநகராட்சியான திருவண்ணாமலையின் எல்லைக்குள். அவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி அங்கேயே தங்குகிறது. அவர்கள் வீட்டுக் குடிநீரும் குப்பையும் பேரூராட்சியின் பொறுப்பு. பௌர்ணமிக்குத் திண்டிவனம், செஞ்சி பக்கமிருந்து கிரிவலத்துக்கு வரும் வண்டிகள் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. புழுதி இங்கே, வியாபாரம் அங்கே.

மாவட்டத்தின் வடகோடிக்குப் போனால் இந்தக் கோணல் இன்னும் பெரிதாகத் தெரியும். செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்குப் பல கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள். பொதுவான விதிப்படி பார்த்தால், உச்சப் படியில் ஆயிரம் பேர் இருக்கும் ஒரு தொழிற்சாலை ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் தொழில் வரி தரும். வேலை செய்பவர்கள் முப்பது ஊர்க்காரர்களாக இருந்தாலும், ஆலை நிற்கும் ஒரே ஓர் உள்ளாட்சிக்குத்தான் அந்தப் பணம். மீதி ஊர்களுக்கு மிஞ்சுவது விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து நின்று போகும் ஒரு மரத்தடி.

மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறதே, அது இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குச் சரிக்கட்டும். ஆனால் அது மேலிருந்து சூத்திரப்படி இறங்கும் மானியம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூடி ஒரு குளிர்பதனக் கிடங்கோ, வேர்க்கடலைக்கு ஒரு பதப்படுத்தும் கூடமோ கட்டுவதற்கு அந்த மானியத்தில் தூண்டுதல் எதுவும் இல்லை.

மகாராஷ்டிரத்தின் கதை நேர்மாறானது. 1965-இல் சாங்கலி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில், சட்ட மேலவைத் தலைவராக இருந்த வி.எஸ். பாகேயின் முயற்சியில், கேட்பவருக்கு வேலை என்பதைச் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் தக்காணத்தைக் கடும் வறட்சி பிடித்தபோது, 1972-இல் அதுவே மாநிலம் முழுவதற்குமான வேலை உறுதித் திட்டம் ஆனது. நிவாரணத்துக்குப் பணம் தேடுவது ஒரு வருடத்துத் தலைவலி. கேட்கிறவர்களுக்கெல்லாம் எந்நாளும் வேலை என்று வாக்குக் கொடுத்துவிட்டால் பணமும் எந்நாளும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் 1975-இல் மாநிலத் தொழில் வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் இந்த வரியைப் போடக் கூடாது என்று தடுத்து, இழப்புக்கு மானியம் தருவதாகச் சொன்னார்கள். வேலை உறுதிச் சட்டம் 1977-இல் நிறைவேறி 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் வரியோடு விற்பனை வரி, மோட்டார் வாகனம், நீர்ப்பாசன நிலம் முதலியவற்றின் மீதான கூடுதல் வரிகளும் தனி நிதியில் சேர வேண்டும். சேர்ந்த தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

தொழில் வரியில் பெரும் பகுதி மும்பையிலிருந்து வந்தது. வேலை நடந்ததோ மானாவாரி மாவட்டங்களில். மும்பை ஏன் இதற்கு முனகாமல் சம்மதித்தது? சட்டமன்றத்தில் கிராமத்து உறுப்பினர்களின் கை ஓங்கியிருந்தது ஒரு காரணம். பஞ்சம் பிழைக்க வருவோர் நகரத்து நடைபாதைகளில் குவிந்துவிடக் கூடாது என்ற நினைப்பும் நகரத்தாருக்கு இருந்தது. எனக்கு இவற்றைவிட எளிய காரணம் ஒன்று படுகிறது: ஆண்டுக்கு 250 ரூபாய் உச்சவரம்பு. யாருக்கும் வலிக்காத அளவு பிடித்து, ஏராளமான பேரிடம் பிடித்தால் சத்தம் எழாது.

அந்தப் பணத்தில் கசிவுநீர்க் குட்டைகள், கிணறுகள், மண் சாலைகள் வந்தன. 1990-இல் தோட்டக்கலையை இதோடு இணைத்து, விவசாயி தன் நிலத்தில் பழமரம் வைப்பதற்கான கூலியையும் நிதியிலிருந்தே கொடுத்தார்கள். மாந்தோப்பும் மாதுளைத் தோட்டமும் பெருகியதில் இதற்குப் பங்கு உண்டு. நிவாரணமாகத் தொடங்கியது வட்டாரப் பொருளாதார வளர்ச்சியாக மாறிய இடம் இது. மகாராஷ்டிரத்தின் மொத்தக் கணக்கில் நான் அதிகமாக மதிப்பது இந்த ஒரு வரவைத்தான். 2005-இல் நாடாளுமன்றம் தேசிய வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியபோது முன்மாதிரியாக இருந்ததும் மகாராஷ்டிரத்தின் இந்த வேலை உறுதித் திட்டமே.

இனி அதன் மறுபக்கம். எந்த வேலை, எங்கே என்று முடிவு செய்தது மாவட்ட ஆட்சியரும் அரசுத் துறைகளும். ஊராட்சிக்கு அதில் பெரிய குரல் கிடையாது. நிதியில் பணம் செலவாகாமல் தேங்குகிறது, அரசு தன் ஈட்டுப் பங்கை ஒழுங்காகப் போடுவதில்லை என்ற புகார்கள் தொடர்ந்து எழுந்தன. தேசியச் சட்டம் வந்து கூலியை மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பின்னும் தொழில் வரி நிற்கவில்லை. வரி பிறந்த காரணம் மெலிந்துவிட்டது, வரி மட்டும் உடம்பு தேறி நடமாடுகிறது. மும்பை ஊழியருக்கோ விதர்பாவின் விவசாயிக்கோ இந்தப் பணம் எங்கே என்று கேட்கப் பக்கத்தில் ஒரு கதவு இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், பெரிதாகச் செய்யப் பணம் இல்லை. மகாராஷ்டிரத்தில் பணம் இருந்தது, கேட்க வேண்டிய ஆள் தொலைவில் இருந்தார். இதில் எது மேல் என்று என்னைக் கேட்டால், வறட்சி ஆண்டில் மகாராஷ்டிரம், மற்ற ஆண்டுகளில் தமிழ்நாடு என்பேன். மாநிலமே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவதைவிட ஓர் ஊர் தன் பணத்தைத் தானே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்த இரண்டு வழிதான் உண்டு என்று நினைப்பதுதான் பிழை.

நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸில் 36,000-க்கும் மேற்பட்ட சிற்றூர் மன்றங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் தொழில் வரி விகிதத்தை வைத்துக்கொண்டு ஆலைகளை இழுக்கப் போட்டி போட்டன. 1999 ஜூலையில் வந்த சட்டம் பக்கத்து மன்றங்கள் கூடிக் கூட்டமைப்பாகி, ஒரே விகிதத்தில் தொழில் வரியை ஒன்றாக வசூலிக்க வழி செய்தது. பொருளாதார வளர்ச்சிப் பணியும் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. ஒவ்வொரு மன்றமும் சேரும்போது தனக்கு வந்துகொண்டிருந்த தொகையை ஈடாகப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் வளரும் வரிதான் பொது. 2010-இல் அந்தத் தொழில் வரியையே பிரான்ஸ் எடுத்துவிட்டு வேறு வரிகளை வைத்தது, கூட்டமைப்புகள் நிலைத்துவிட்டன. அமெரிக்காவின் மின்னசோட்டா 1971-லேயே கிட்டத்தட்ட இதே அறிவுக்கு வந்திருந்தது. மினியாபோலிஸ், செயின்ட் பால் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில், அந்த ஆண்டுக்குப் பிறகு வணிக, தொழில் சொத்தின் வரி அடித்தளத்தில் ஏற்படும் வளர்ச்சியில் 40 விழுக்காட்டைப் பொதுவில் போட்டு, மக்கள் தொகையையும் வரி வசதியையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். வழக்கு போட்டுத் தடுத்துப் பார்த்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தவில்லை.

இரண்டு இடத்திலும் பழைய பணத்தில் யாரும் கை வைக்கவில்லை. பங்கு கேட்டது வரப்போகும் வளர்ச்சியில் மட்டும். பிரான்ஸில் சேர்ந்தவர்களோ ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசக்கூடிய பக்கத்து ஊர்க்காரர்கள். மகாராஷ்டிரம் இந்த இரண்டையும் செய்யவில்லை. தமிழ்நாடு தொடங்கவே இல்லை.

நம்மிடம் இப்போது இருக்கும் ஒரே பங்கீடு இணைப்புதான். திருவண்ணாமலை மாநகராட்சியானதைப் போல, நகரம் பெருகும்போது அக்கம்பக்க ஊராட்சிகளையும் சேர்த்து விழுங்குகிறது. இணைத்தால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று தமிழ்நாடெங்கும் கிராமங்கள் மனு கொடுத்ததில் நியாயம் இருந்தது. ஊரையே கரைத்துத்தான் வருமானத்தைப் பகிர வேண்டும் என்று யார் சொன்னது?

கிராமமும் நகரமும் ஒரே மேசையில் உட்காரும் அமைப்பு ஏற்கெனவே உண்டு. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக்குழுதான் அது. அதற்குச் சொந்தமாக ஒரு ரூபாய் வரி வருமானம் கிடையாது. அதனால் கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஊருக்குத் தெரிவதில்லை. பேச உட்கார வேண்டியவர்களே இல்லாத காலமும் வருகிறது: திருவண்ணாமலை உள்ளிட்ட பல மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தனி அலுவலர் இன்னொரு தனி அலுவலரோடு வரிப் பங்கீடு பேசுவதை உடன்பாடு என்று சொல்ல முடியாது.

ஊராட்சிகள் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பேரூராட்சியும் மாநகராட்சியும் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் இருப்பதால், திருத்தம் இரண்டிலும் வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு குறிப்பிட்ட ஆண்டை அடிப்படையாக வைத்து, அதற்குப் பின் தொழில் வரியில் ஏறும் தொகையில் ஒரு பங்கை மாவட்டத் திட்டக்குழுவின் பொது நிதியில் சேர்க்கலாம் என்று எழுதினால் போதும். முதல் உடன்பாட்டைத் திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், பக்கத்துப் பேரூராட்சியான வேட்டவலம் மூன்றும் சேர்ந்து செய்து பார்க்கட்டும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எங்கள் ஊர்க்காரர்கள் திருவண்ணாமலையில் கட்டும் தொழில் வரியில் எங்கள் ஊருக்கு என்ன பங்கு என்று கேளுங்கள்.