கணினிப் படமும் தொலைக்காட்சித் திரையும்: ஓர் இணைப்பின் வரலாறு

மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவதும், கருநிறம் சாம்பலாக வெளிறுவதும், படம் வந்தும் ஒலி வராமல் போவதும் பெரும்பாலும் கேபிளின் குறையாகவே கருதப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பல, தனித்தனித் தொழில்களாக வளர்ந்த இரண்டு கருவிகள் வெவ்வேறு காலங்களில் செய்துகொண்ட ஏற்பாடுகளின் எச்சங்களே ஆகும்.

கணினிக்கெனத் தனித்திரை வாங்குவது பெருஞ்செலவாக இருந்த 1980களின் தொடக்கத்தில், பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவின் கொமடோர் 64 (இரண்டும் 1982இல் வெளிவந்தவை) போன்ற வீட்டுக் கணினிகள், தொலைக்காட்சியின் ஆண்டெனா துளை வழியாகவே தம் படத்தைச் செலுத்தின. கணினிக்குள் இருந்த ஆர்எஃப் மாடுலேட்டர் என்னும் சிறு உலோகப் பெட்டி, படத்தை ஒளிபரப்பு நிலையத்தின் அலையைப் போல மாற்றித் தந்ததால், ஸ்பெக்ட்ரம் வைத்திருந்தவர்கள் யுஎச்எஃப் 36ஆம் சேனலுக்கு அருகே டியூன் செய்து அதைப் பிடித்தார்கள். அக்காலப் படக்குழாய்ப் பெட்டிகளில், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியக்கூடாது என்பதற்காகப் படம் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியும் சற்று நீட்டி வரையப்பட்டது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். ஸ்பெக்ட்ரத்தின் 256க்கு 192 புள்ளிகள் கொண்ட படப்பரப்பைச் சுற்றி அகலமான வெற்று விளிம்பு விடப்பட்டிருந்ததால், விளிம்பு மறைந்தாலும் எழுத்து மறையவில்லை. படக்குழாய் ஒழிந்த பின்னும் தட்டைத் திரைகள் பல இவ்வழக்கத்தைக் கைவிடாததால்தான் மடிக்கணினியின் கீழ்ப்பட்டை இன்றும் திரைக்கு வெளியே நழுவுகிறது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று நிறுவனத்துக்கொரு பெயரில் இதற்கான தீர்வு மெனுவின் ஆழத்தில் கிடக்கிறது. கணினிப் படத்துக்கேனும் அதைத் தொடக்க அமைப்பாக வைத்திருப்பதே முறை.

வெளிறிய கருநிறத்தின் வேரும் ஒளிபரப்பில்தான் இருக்கிறது. 1982இல் உருவான இலக்கமுறைத் தொலைக்காட்சித் தரம், 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் நிறுத்தியது; கணினியோ 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தியது. எதிரே தொலைக்காட்சி இருப்பதாக எண்ணிக் கணினி 16இல் அனுப்பும் கறுப்பை, 0தான் கறுப்பு என்று நம்பும் திரை சாம்பலாகக் காட்டுகிறது.

1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 15 பின் விஜிஏ, கணினித் திரைகளின் பொது இணைப்பாகப் பரவியபோதும், எதிரே உள்ள திரையின் திறனை விரிவாகக் கேட்டறியும் வழி அதில் தொடக்கத்தில் இல்லை. அக்குறையை நீக்க, வெசா என்னும் தர அமைப்பு 1994இல் ஈடிஐடி என்ற குறிப்பை வரையறுத்தது. தயாரிப்பாளர் யார், எத்தனை புள்ளிகளைக் காட்ட முடியும், நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பவற்றை 128 பைட்டுகளுக்குள் அடக்கித் திரையே வைத்திருக்கும் அடையாள அட்டை அது. ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் வெளியிட்ட எச்டிஎம்ஐ இம்முறையைத் தொலைக்காட்சிக்குள்ளும் கொண்டுவந்தது. அதன் 19 பின்களில் 18ஆவது வழியாக மடிக்கணினி 5 வோல்ட் அனுப்ப, தொலைக்காட்சி 19ஆவது பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அதன் பிறகே 15, 16ஆம் பின்களின் வழியாக அடையாள அட்டை படிக்கப்படுகிறது. இந்த உரையாடல் இடையில் முறிந்தால், கேபிள் முழு நலத்தோடு இருந்தும் 'நோ சிக்னல்' தோன்றலாம். தொலைக்காட்சியை முதலில் இயக்கி, உரிய எச்டிஎம்ஐ உள்ளீட்டைத் தேர்ந்து, பின்பு கேபிளைச் செருகும் பழக்கம் பலன் தருவது, படிக்கும் வேலை அப்போது புதிதாகத் தொடங்குவதால்தான். ஒலியைப் பற்றிய விவரம் அட்டையின் கூடுதல் பகுதியில் இருப்பதால், அப்பகுதி மட்டும் படிக்கப்படாதபோது மடிக்கணினி எதிரே இருப்பதை 1999இல் வந்த, படத்துக்கு மட்டுமேயான டிவிஐ திரையாகக் கருதி ஒலியை நிறுத்திவிடுகிறது.

மேசைத்திரை தெளிவாகத் தெரிந்தும் திரைப்படம் மட்டும் கறுத்துப்போவது வேறு வகை. இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்னும் நகலெடுப்புத் தடுப்பு முறையில், இரு கருவிகளும் மறைகுறியீட்டுச் சாவிகளைக் கொண்டு ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே காப்புரிமையுள்ள படம் அனுப்பப்படுகிறது. இடையில் செருகிய பழைய அடாப்டர் ஒன்று அச்சாவிகளை அறியாவிட்டால், படத்தை மறைப்பதையே அம்முறை தன் கடமையாகச் செய்கிறது.